பினாங்கு ரோட்டில் கைமாறிய பால்குடம்

என் நாத்தனார் வசந்தகுமாரி வேலைக்கான நேர்காணலுக்குப் போனால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் அங்கே நாற்காலி இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தும் வேண்டாம் என்று திரும்பி வந்தாள். நாள் முழுக்க நிற்கச் சொன்னார்களாம். கடைசியில் கேம்பல் லேனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். வருகிறவர்களை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்து, ஃபிரேமை மாட்டிக் காட்டுகிற வேலை. அது அவளுக்கு அமைந்துபோனது. யார் மூக்குக்கு எந்த ஃபிரேம் எடுக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். விலை உயர்ந்ததை யார் தலையிலும் கட்டமாட்டாள். அதனால் அந்தக் கடைக்கு அவளைத் தேடியே ஆட்கள் வந்தார்கள்.

வீட்டில் அவளுக்கு இருந்த பெயர் வேறு. சோம்பேறி. வைத்தவர் அவளைப் பெற்ற தாய், என் மாமியார் மங்களம்.

நான் மோகனப்பிரியா, வசந்தாவின் அண்ணன் அசோக்கைக் கட்டிக்கொண்டவள். கல்யாண வீடுகளுக்குச் சமைத்து அனுப்புகிற ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில் வேலை. ஈசூனில் மாமியாரும் வசந்தாவும் ஒரு பிளாக்கில், நாங்கள் அடுத்த பிளாக்கில். மாமியாரிடமிருந்து அது சரியான தூரம் என்பேன். சண்டை போட்டால் சத்தம் கேட்காது, குழம்பு கொடுத்தனுப்பினால் சூடு ஆறாது.

மாமியார் நல்லவர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். மாமனார் பாலகிருஷ்ணன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு மாமியார் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்து இரண்டு பேரையும் ஆளாக்கினார். நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. பிறகு காது மந்தமாகி மெஷின் மாட்டிக்கொண்டார். ஃபேக்டரி இரைச்சல், வயசு என்று அதற்கெல்லாம் அவரே காரணம் சொல்லிக்கொண்டார். வலிக்கிறது, முடியவில்லை என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மற்றவர்கள் சொன்னாலும் பிடிக்காது.

வசந்தா சொல்வாள். சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டத் தேர்வு என்றால் முதல் சுற்றிலேயே நின்றுவிடுவாள். மீறி ஓடினால் வாந்தி. ஆசிரியர் நடிப்பு என்று எழுதி அனுப்ப, வீட்டில் அதற்கு ஒரு பூசை நடக்கும். வளர்ந்த பிறகும் அதே கதைதான். காலையில் நன்றாக இருப்பாள். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், சோபாவில் சாய்ந்துவிடுவாள். காய்ச்சல் வந்தால் நமக்கு மூன்று நாள், அவளுக்கு மூன்று வாரம். பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தசோகை இல்லை, தைராய்டு இல்லை. ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கலாம், நன்றாகத் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாமியாருக்கு அது போதும். டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது வசந்தா என்னிடம் சொன்னாள்.

“அண்ணி, எனக்கு ஏதாவது நோய் இருக்கணும்னு வேண்டிக்கிறேன். இருந்தா அம்மா நம்புவாங்கல்ல.”

நல்ல வார்த்தையாகப் பேசு என்று அதட்டினேன். ஆனால் மனசு கனத்துவிட்டது. முப்பத்தெட்டு வயதுக்காரி ஒருத்திக்குச் சாமியிடம் கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை. அம்மா நம்ப வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு மாமியார் ஒரு முடிவுக்கு வந்தார். வசந்தா பால்குடம் எடுக்க வேண்டும். முருகன் பார்த்துக்கொள்வான், விரதம் இருந்தால் உடம்பில் இருக்கிற மந்தமெல்லாம் போய்விடும் என்றார். வசந்தா மறுக்கவில்லை. மறுத்தால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம், வெறும் தரையில் படுக்கை என்று ஆரம்பித்தாள். மாமியாரும் கூடவே விரதம் இருந்தார். மகளுக்கு ஒரு சட்டம் தனக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்கிற ஆள் அவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். விரதம் தொடங்கிய கொஞ்ச நாளில் வசந்தாவின் முகம் வாடிவிட்டது. கடையில் ஸ்க்ரூ முடுக்கும்போது கை நடுங்குகிறது என்றாள். உடம்பு சுத்தமாகிறது என்றார் மாமியார்.

பூசத்தன்று காலையில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். மஞ்சள் சேலையில் வசந்தா குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால், மாமியார் அவளுக்குப் பக்கத்தில், நான் செருப்புப் பையும் தண்ணீர் போத்தலும் தூக்கிக்கொண்டு பின்னால். சிராங்கூன் ரோடு தாண்டும்வரை அவள் நன்றாகத்தான் நடந்தாள். சிலிகி ரோட்டில் நடை தளர்ந்தது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். மோர், பானகம், பழம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். நான் ஒரு கோப்பை பானகம் வாங்கி அவளிடம் நீட்டினேன். பாலை ஊற்றும்வரை வாயில் ஒன்றும் படக்கூடாது என்று மாமியார் என் கையைத் தள்ளிவிட்டார். அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்று பந்தல்காரரே சொன்னார். மாமியாருக்கு அது காதில் விழவில்லையா, விழுந்தும் விழாதமாதிரி இருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

பினாங்கு ரோட்டில் வசந்தா நின்றுவிட்டாள். கால் கல்லாகிவிட்டது, நகரவில்லை என்றாள். மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை. குடம் சாய்வதற்குள் மாமியார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் அப்படியே சாலையில் மடங்கி உட்கார்ந்து என் மடியில் சரிந்தாள். முதலுதவிக் கூடாரத்துப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. கூட யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். மாமியார் ஒரு தடவை மகளைப் பார்த்தார், ஒரு தடவை குடத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “நீ கூடப் போ. நேர்ந்துக்கிட்டது பாதியில நிக்கக்கூடாது,” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு டேங்க் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்ற பெண் விழுந்து கிடக்கிறாள், இவருக்குப் பால்தான் பெரிதாகிவிட்டதா என்று ஆம்புலன்ஸில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். வசந்தா கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்தவர்கள் பரபரப்பானார்கள். லாக்டிக் அமிலம் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்ததாம். மராத்தான் ஓடியவர்களுக்கு ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், இவளுக்கு இறங்கவே இல்லை என்றார்கள். சலைன் வழியாகச் சர்க்கரை ஏற்றினார்கள். மாலையில் டாக்டர் இர்ஃபான் என்று ஒருவர் வந்தார். அவர் வசந்தாவிடம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மாமியார் நெற்றி நிறைய திருநீறும் கையில் பிரசாதமுமாக உள்ளே வந்தார். டாக்டரின் கண் அவருடைய காது மெஷின்மேல் போய் நின்றது. எப்போதிலிருந்து காது கேட்கவில்லை, சர்க்கரை உண்டா, எந்த வயதில் வந்தது என்று வரிசையாகக் கேட்டார். மகள் படுத்திருக்க என்னை எதற்குக் கேட்கிறார் என்று மாமியாருக்கு எரிச்சல்.

மரபணுச் சோதனையின் முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு என்றார்கள். என் பெரிய மகளுடைய அறிவியல் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன், அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாம் சாப்பிடுகிறதையும் மூச்சில் இழுக்கிற காற்றையும் வைத்துச் செல்லுக்கு வேண்டிய சக்தியை உண்டாக்குவது அவைதானாம். ஒரு செல்லுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். எனக்குப் புரிந்தபடி சொன்னால், எங்கள் சமையற்கூடத்து அடுப்புகள் மாதிரி.

சாதாரண நாளில் எல்லா அடுப்பும் முழு வேகத்தில் எரிய வேண்டியதில்லை. பட்டினி, காய்ச்சல், நீண்ட நடை என்று நெருக்கடி வந்தால்தான் அவற்றின் சாமர்த்தியம் தெரியும். நல்ல உடம்பில் அவை உடனே வேகத்தைக் கூட்டும். ஒன்றோடொன்று ஒட்டி நீளமாகி, இருப்பதைப் பங்கிட்டுக்கொண்டு சமாளிக்கும். பழுதானதைச் செல் தனியே பிரித்துக் கரைத்துவிடும். வேலை தொடர்ந்து கூடினால் புதியவற்றை உண்டாக்கிக்கொள்ளும். வசந்தாவின் தசையில் பாதிக்கு மேல் பழுது. உட்கார்ந்து ஃபிரேம் மாட்டுகிற அளவுக்கு இருப்பது போதும், அதற்குமேல் கூட்ட வழியில்லை. கூட்டச் சொல்லி நெருக்கினால் செல் வேறு வழியில்லாமல் சர்க்கரையை அரைகுறையாக எரிக்கும். அதில் மிஞ்சுவதுதான் அந்த அமிலம். ஆக, இருந்த கொஞ்ச அடுப்புக்கும் கேஸை மூடிவிட்டு, வெயிலில் பெரிய விருந்துக்குச் சமை என்று நாங்கள் அவளை அனுப்பிவைத்திருக்கிறோம்.

இந்தக் கோளாறு தாய் வழியாக மட்டும்தான் வரும் என்றும் சொன்னார். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வராது. அசோக்குக்கும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் போகாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள்ளும் ஒருவருக்கு அதிகமாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் இருக்கும். உங்கள் சர்க்கரைக்கும் காதுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம், நீங்களும் சோதித்துப் பாருங்கள் என்று மாமியாரிடம் சொன்னார்.

மாமியார் அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். “அப்ப நான் குடுத்ததா?” என்று கேட்டார்.

யாரும் கொடுப்பதில்லை, கருமுட்டையோடு வருவது என்று டாக்டர் சமாதானம் சொன்னார். மாமியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்குச் சோதனை வேண்டாம் என்று எழுந்துவிட்டார். அவருக்குப் பயம். தெரிந்துகொள்ளாமல் இருந்தால், ஒருவேளை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா.

அன்றிலிருந்து மாமியார் தலைகீழாக மாறினார். வசந்தாவைக் கட்டிலைவிட்டு இறங்க விடமாட்டார். தண்ணீர் தம்ளர்கூடக் கைக்கு வரும். துணியை மடிக்க உட்கார்ந்தால் பிடுங்கிக்கொள்வார். ஒரு வேளை சாப்பிடச் சொன்னவர் ஐந்து வேளை ஊட்டாத குறையாக நின்றார். கடைக்காரர் நசீர் நல்ல மனிதர், எப்போது முடிகிறதோ அப்போது வரட்டும் என்று இடத்தை வைத்திருந்தார். அவர் ஃபோன் செய்தபோதெல்லாம் மாமியாரே எடுத்து, அவளுக்கு முடியாதுங்க என்று சொல்லி வைத்துவிடுவார். சில மாதங்களில் வசந்தாவுக்குக் குளியலறைக்குப் போய் வருவதே பெரும்பாடாகிவிட்டது. நோய் முற்றுகிறது என்று மாமியார் அழுதார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோதெரபி பார்க்கிற சுஷ்மிதாவிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண், ஆனால் வழவழ கொழகொழ பேச்சே கிடையாது. இது நோய் முற்றியதால் வந்ததில்லை, படுத்ததால் வந்தது என்றாள். வேலையே கேட்காத தசையில் செல் எதற்கு இத்தனை அடுப்பை வைத்திருக்கும், குறைத்துவிடும். தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கேட்டால் புதிது உண்டாக்கும். பழுதானது பழுதானதுதான், ஆனால் மொத்த எண்ணிக்கை கூடினால் நல்லதும் கூடுதலாகக் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு நடக்க வேண்டும், காய்ச்சல் என்றால் நடக்கக்கூடாது, தொடையில் எரிச்சல் ஆரம்பித்ததும் போதும் என்று நிறுத்திவிட வேண்டும். முக்கி முனகி ஒரு அடிகூட எடுத்துவைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சண்டை. வசந்தா செருப்பை மாட்டினாள், மாமியார் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். விழுந்தால் யார் பதில் சொல்வது, அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், சும்மா இரு என்றார்.

“முடியலன்னப்பவும் நம்பல. இப்ப முடியும்கிறேன், இதையும் நம்பலன்னா எப்படிம்மா?” என்றாள் வசந்தா.

அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமியார் கதவை விட்டு விலகினார். ஆனால் தனியாக விடமாட்டேன், நானும் வருவேன் என்றார். சரி, இரண்டு பேரும் வழியில் அடித்துக்கொள்ளக் கூடாதே என்று வேலை இல்லாத நாள்களில் நானும் சேர்ந்துகொண்டேன்.

ஈசூன் குளத்தைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. அதில்தான் எங்கள் ஊர்வலம். முன்னால் வசந்தா, பின்னால் ரொட்டியும் மைலோ பானப் பாக்கெட்டுமாக மாமியார், அவருக்குப் பின்னால் நான். எங்களைத் தாண்டிச் சீனத் தாத்தாக்கள் ஓடிப்போவார்கள். தொடக்கத்தில் முதல் பெஞ்சிலேயே வசந்தா போதும் என்று உட்கார்ந்துவிடுவாள். இன்னும் ஒரு எட்டு போகலாமே என்று எனக்கு வாய் வரைக்கும் வரும், அடக்கிக்கொள்வேன். பிறகு இரண்டாவது பெஞ்சு, அப்புறம் பாலம்வரை என்று ஆனது. நசீருக்கு அவளே ஃபோன் செய்து, அரைநாள் வேலைக்கு வருவதாகச் சொன்னாள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. மாமியார் மட்டும் மகளின் காலையே பார்த்துக்கொண்டு நடப்பார். அவள் போதும் என்று சொன்னதும் பதறுவார்.

அவள் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்குப் பக்கத்தில் அவள் போதும் என்று சொல்ல, மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமியார் மைலோவில் ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்துவிட்டு, போதும் என்கிறாயே, அப்போது உனக்கு என்னதான் செய்கிறது என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. திட்டியிருக்கிறார், அழுதிருக்கிறார், கேட்டதில்லை.

வசந்தா யோசித்துச் சொன்னாள். முதலில் தொடை எரியும், அப்புறம் கனத்துப்போய்த் தன் கால் மாதிரியே இருக்காது. கையும் அப்படித்தான். தலை சீவும்போது பாதியில் கையை இறக்கி வைத்துவிட்டுத்தான் மீதியைச் சீவ வேண்டும். கொடியில் துணி போடும்போதும் அதே கதை. படியேறினால் நடுவில் நின்று ஃபோன் பார்க்கிற மாதிரி பாவனை செய்வாளாம்.

மாமியாருக்குக் குழப்பமாக இருந்தது. “அது எல்லாருக்கும் இருக்கறதுதானே?” என்றார்.

“எல்லாருக்கும் இல்லம்மா.”

“தலை சீவறப்ப கை நோகாதா? எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து நோகும். ஃபேக்டரியில மத்தியானத்துக்கு மேல காலு என்னோடதாவே இருக்காது. எல்லாருக்கும் அப்படித்தான், யாரும் வெளிய சொல்லிக்கிறதில்லைன்னு நெனச்சேன். நீ மட்டும் சொல்றியேன்னுதான் எனக்குக் கோவம்.”

தைப்பூசத்தன்று மகள் விழுந்த இடத்திலிருந்து டேங்க் ரோடுவரை குடத்தைச் சுமந்து நடந்தது இந்தக் கால்கள்தான், இதே பட்டினியோடு. அந்தப் பெண்மணிமேல் நான் அத்தனை மாதமாக வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை.

மாமியார் என் பக்கம் திரும்பினார். “பிரியா, உனக்கு நோகாது?”

“மூட்டை தூக்குற அன்னிக்கு நோகும் அத்தை. தூங்கி எழுந்தா போயிடும்.”

“மத்த நாள்ல?”

“ஒண்ணும் தெரியாது.”

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தவர்களையும், தோளில் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு பாலத்தில் ஏறிய ஒரு மலாய்க்காரரையும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“அப்ப இவங்களுக்கெல்லாம் எப்படித்தான் இருக்கும்?” என்றார்.

வசந்தா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும் தெரியாதும்மா.”